நூறு மெகாபிட் போதுமா, ஆயிரம் வேண்டுமா? வீட்டுக்கான நெட் வேகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

சேலம் சூரமங்கலத்தில் ஜங்ஷன் பக்கத்துச் சந்து எதில் நுழைந்தாலும், தலைக்கு மேல் கறுப்பு ஒயர்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் ஒயர்களோடு, கேபிள் டிவி நடத்துகிறவரே தரும் நெட்டின் ஒயரும் அதில் இருக்கும். ஒவ்வொருவரும் போன பேக்கைவிடப் பெரிய பேக்காகத்தான் கொண்டு வருவார்கள். "நூறு எம்பி பழசுங்க, முந்நூறு போட்டுக்குங்க" என்பார்கள். ஒரு கிகா பேக்கும் கிடைக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு 30 முதல் 40 மெகாபிட் போதும். நான்கைந்து பேர், ஒரு பெரிய டிவி, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒருவர் என்றால் 50 முதல் 100 வரை தாராளம். அதற்கு மேல் தேவைப்படும் வீடுகளும் உண்டு, அவற்றைப் பின்னால் பார்ப்போம். ஆனால் "நெட் சுத்துது" என்று சலித்துக்கொண்டு பெரிய பேக்குக்கு மாறுகிற வீடுகளில் பெரும்பாலும் குறை பேக்கில் இருப்பதில்லை. சுவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட வைஃபை, இரவு எட்டு மணிக்கு மேல் ஆபரேட்டர் பக்கம் வரும் நெரிசல், கரண்ட் கட் ஆகியவைதான் காரணம். இந்த மூன்றையும் பெரிய பேக் தீர்க்காது. ஆகவே பணம் கட்டும் முன் கீழே உள்ள வரிசையில் செய்துபாருங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.

தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டே அளவுகள்

பேக்கில் சொல்லும் "எம்பி" மெகாபிட். போனில் படத்தின் அளவாகக் காட்டும் "எம்பி" மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் பேக்கில் ஒரு கோப்பு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் வேகத்தில்தான் இறங்கும். "நூறு எம்பிக்குப் பணம் கட்டினேன், பன்னிரண்டுதான் வருது" என்று சண்டைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

டவுன்லோடு ஒரு வேகம், அப்லோடு இன்னொரு வேகம். விளம்பரத்தில் பெரும்பாலும் முதலாவதைத்தான் போடுவார்கள். வீடியோ காலில் உங்கள் முகம் எதிராளிக்குத் தெளிவாகத் தெரிவது இரண்டாவதைப் பொறுத்தது.

படி 1: வீட்டின் தேவையைக் கணக்கிடுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நெட் அதிகம் ஓடும் நேரம் இரவு 8 முதல் 10 வரை. அந்த நேரத்தில் ஒரே சமயத்தில் என்னென்ன ஓடும் என்று எழுதுங்கள்.

1. 4கே டிவியில் படம்: ஒன்றுக்கு 15 முதல் 20 மெகாபிட். நெட்ஃபிளிக்ஸ் 15 இருந்தால் போதும் என்கிறது, யூடியூப் 20 கேட்கிறது.
2. சாதாரண ஹெச்டி டிவி, லேப்டாப்பில் படம்: ஒன்றுக்கு 5.
3. போனில் வீடியோ: ஒன்றுக்கு 2 முதல் 3.
4. வீடியோ கால், ஆன்லைன் வகுப்பு: ஒன்றுக்கு 3 முதல் 4. இது அப்லோடிலும் வேண்டும்.
5. ஆன்லைன் விளையாட்டு: விளையாடும்போது 1 மெகாபிட்கூட ஆகாது.
6. வெளியூரிலிருந்து போனில் பார்க்கும் சிசிடிவி: ஒரு கேமராவுக்கு அப்லோடில் சுமார் 2. பதிவு வீட்டிலுள்ள பெட்டியிலேயே சேமிக்கப்பட்டால், யாரும் பார்க்காத நேரத்தில் நெட் செலவே இல்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா ரயில்வே வேலை முடிந்து வந்து 4கே டிவியில் படம் பார்க்கிறார் (20). அம்மா சமையலறையில் போனில் சீரியல் பார்க்கிறார் (3). மகள் மாடியில் பெங்களூரு அலுவலகத்தோடு வீடியோ காலில் இருக்கிறாள் (4). மகன் விளையாடுகிறான் (1). பாட்டி யூடியூபில் கோயில் கும்பாபிஷேகம் பார்க்கிறார் (3). கூட்டினால் 31. போன்கள் தாமாகவே செய்துகொள்ளும் அப்டேட்டுகளுக்காக இன்னொரு பாதி சேர்த்துக்கொண்டாலும் 50-க்குள் அடங்கிவிடும்.

இந்தக் கணக்கு சிறியதாகத் தோன்றும், ஏனென்றால் வரையறைகள் உயர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. இந்தியாவில் 2004-இல் பிராட்பேண்ட் என்று சொல்லக் குறைந்தபட்ச வேகம் 256 கிலோபிட். 2023 ஜனவரியில்தான் அதை 2 மெகாபிட் ஆக்கினார்கள். அமெரிக்கா 2024-இல் 100 மெகாபிட் என்று வரையறுத்தது. அங்கே சட்டனூகா நகரத்தில் 2010-லேயே ஊர் முழுவதும் ஒரு கிகாபிட் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஊரிலும் ஒரு டிவிக்கு 4கே படம் காட்ட வேண்டியது அதே 20 மெகாபிட்தான். குழாய் பெரிதானதால் படம் கூடுதல் தண்ணீர் குடிப்பதில்லை.

படி 2: இப்போது வருவதை அளந்துபாருங்கள்

எல்லோரும் செய்யும் தவறு, படுக்கையறையில் போனை வைத்துக்கொண்டு ஒரே ஒரு முறை ஸ்பீடு டெஸ்ட் போட்டு முடிவுக்கு வருவது. மூன்று இடத்தில், மூன்று நேரத்தில் அளக்க வேண்டும்.

1. லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, நெட் பெட்டியிலிருந்து நேராக லேன் ஒயர் மாட்டுங்கள். ஃபாஸ்ட் டாட் காம் அல்லது ஊக்லா ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். டவுன்லோடு, அப்லோடு, பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) மூன்றையும் எழுதுங்கள்.
2. ஒயரைக் கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்து ஆறடிக்குள் நின்று வைஃபையில் அளந்துபாருங்கள்.
3. எந்த இடத்தில் சுத்துகிறதோ, அங்கே போய் வைஃபையில் ஒரு முறை.
4. இதே மூன்றையும் காலை 7 மணிக்கு, மதியம், இரவு 9 மணிக்கு எடுங்கள். ஒரு வாரம் செய்தால் நிலவரம் தெளிவாகிவிடும். அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் படம் பார்க்கக் கூடாது.

இனி விடையைப் படிப்பது சுலபம். ஒயரில் எப்போதும் முழு வேகம், அறையில் மட்டும் குறைவு என்றால் வைஃபை கோளாறு: படி 3-க்குப் போங்கள். ஒயரிலேயே இரவில் மட்டும் விழுந்தால் ஆபரேட்டரிடம் நெரிசல். அவரிடமே இன்னும் பெரிய பேக் வாங்கினாலும் இரவில் அதே கதிதான். ஒயரில் எந்நேரமும் குறைவு என்றால் லைனிலோ பெட்டியிலோ குறை. மூன்றும் நன்றாக இருந்து ஒரே ஒரு இணையதளம் மட்டும் மெதுவாக இருந்தால், அது அந்தத் தளத்தின் பிரச்சினை.

குறிப்பு: 200 மெகாபிட் பேக் போட்டும் ஒயரில் 94, 95-க்கு மேல் ஏறவே இல்லையா? ஒயர் மாட்டிய ஓட்டைகளில் ஏதோ ஒன்று 100 மெகாபிட் வகை. மலிவான பெட்டிகளிலும், விலை உயர்ந்த பல ஸ்மார்ட் டிவிகளிலும்கூட அந்த வகைதான் இருக்கிறது. லேன் ஒயருக்குள் நான்கு ஜோடிக் கம்பிகளும் சரியாக இணைக்கப்படாவிட்டாலும் இதே எண்ணில்தான் நிற்கும்.

குறிப்பு: ஃபைபர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒளியின் பலம் மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 18 முதல் 24 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் மழை நாளில் லைன் விட்டுவிட்டு வரும். லைன்மேனிடம் "பவர் இருபத்தேழு காட்டுது" என்று எண்ணோடு சொன்னால், வந்து "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்பதோடு போகமாட்டார்.

படி 3: வீட்டுக்குள் சரிசெய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிகப் பலன் தரும் பகுதி இதுதான், நேரம் ஒதுக்கிச் செய்யுங்கள்.

நம் பக்கத்து வீடுகளின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். அகலம் குறைவு, நீளம் அதிகம், மேலே இரண்டு மாடி, ஒவ்வொன்றுக்கும் கான்கிரீட் தளம். ஒயர் தெருவிலிருந்து வருவதால் பெட்டியை வாசலை ஒட்டிய சுவரில், ஈபி மீட்டருக்குப் பக்கத்தில் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்திலேயே இரும்பு பீரோ நிற்கும். மகள் வேலை பார்ப்பது இரண்டாவது மாடியின் பின்னறை. நடுவில் இரண்டு தளம், நான்கைந்து சுவர். இந்த நிலையில் ஆயிரம் மெகாபிட் வாங்கினாலும் அந்த அறைக்குப் போய்ச் சேருவது பத்துப் பதினைந்துதான்.

1. இடம். பெட்டி வீட்டின் நடுவில், நெஞ்சு உயரத்தில், திறந்த இடத்தில் இருக்க வேண்டும். பீரோ, ஃபிரிட்ஜ், மீட்டர் பெட்டி, டிவியின் முதுகுப்புறம் ஆகியவை ஆகாது. மர ஷோகேஸுக்குள் பூட்டி வைப்பதும் வேண்டாம், அங்கே சூடேறும்.

2. அலைவரிசை. நல்ல பெட்டிகளில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு வைஃபை வரும். 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. வீடுகள் நெருங்கிய தெருவில் அக்கம்பக்கத்து வைஃபைகளின் தொல்லையில் 30, 40 வந்தாலே நல்லது. 5 வேகமானது, ஆனால் சுவரில் அடிபட்டுப் போகும். டிவி, லேப்டாப் இரண்டையும் 5-இல் சேருங்கள், கேமராவையும் ஸ்மார்ட் பல்பையும் 2.4-இல் விடுங்கள். வைஃபை பெயருக்குப் பின்னால் "5ஜி" என்று காட்டுவது செல்போன் 5ஜி கிடையாது, இந்த அலைவரிசையைத்தான் குறிக்கிறது.

3. சேனல். 2.4-இல் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. அக்கம்பக்கத்தில் குறைவாகப் பயன்படுத்துவது எது என்று போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலி போட்டுப் பார்த்து மாற்றுங்கள்.

4. ஒயர். நகராமல் ஒரே இடத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் (டிவி, மேசைக் கணினி, அலுவலக லேப்டாப்) லேன் ஒயர் இழுங்கள். கேட் 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவு, ஆனால் சீக்கிரம் ஒடியும். கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் இதைச் சேர்த்து இழுக்காதீர்கள். தனிப் பைப் போடுங்கள்.

5. மாடிக்கு இரண்டாவது ரூட்டர். கீழே உள்ள பெட்டியிலிருந்து லேன் ஒயரை மாடிக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு ரூட்டரை "ஆக்சஸ் பாயின்ட்" முறையில் வையுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கீழே உள்ளதுபோலவே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு. படியேறும்போது போன் பெரும்பாலும் தானாகவே மாறிக்கொள்ளும்.

ஒயர் இல்லாத ரிப்பீட்டரை வாங்கி, வைஃபை எட்டாத மூலையிலேயே செருகிவிட்டு "நெட்வொர்க் ஃபுல்லா காட்டுது, ஆனா ஓடலை" என்பவர்கள் நிறைய. அதற்கே சிக்னல் வராத இடத்தில் அது எதைத் திருப்பித் தரும்? ரிப்பீட்டர்தான் வழி என்றால் பாதி தூரத்தில், சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் வையுங்கள். அப்போதும் வேகம் பாதியாகலாம்.

6. பூட்டு. பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள கடவுச்சொல்லை மாற்றுங்கள். மேல் போர்ஷனில் வாடகைக்கு இருப்பவருக்குக் கொடுப்பதாக இருந்தால் "கெஸ்ட்" வைஃபை திறந்து கொடுங்கள். இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது, அதில் யார் என்ன செய்தாலும் விசாரணை முதலில் உங்களிடம்தான் வரும்.

இத்தனையும் செய்துவிட்டுப் படி 2-ஐத் திரும்பச் செய்யுங்கள். பெரும்பாலான வீடுகளில் தேடல் இங்கேயே முடிந்துவிடும்.

படி 4: அதிக வேகம் உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள்

கல்யாண வீடியோ எடுத்து வீட்டிலேயே எடிட் செய்கிறவர் இதில் முதல் ஆள். 60 கிகாபைட் காட்சிகளை 20 மெகாபிட் அப்லோடில் அனுப்ப 6 மணி 40 நிமிடம் ஆகும். 100-இல் அனுப்பினால் 1 மணி 20 நிமிடம். தொழிலுக்கு இந்த வித்தியாசம் காசு. ஆனால் அவர் தேட வேண்டியது அப்லோடு அதிகமுள்ள பேக்கை.

ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் ஐடி பூங்காவிலோ வெளியூரிலோ உள்ள கம்பெனிக்காக ஒரே வீட்டில் மூன்று நான்கு பேர் வேலை பார்த்தால் 100 முதல் 200 வரை எடுக்கலாம். விளையாட்டுக்காக 50 கிகாபைட் இறக்குகிறவருக்கு 40 மெகாபிட்டில் 2 மணி 47 நிமிடம் ஆகும், 100-இல் 1 மணி 7 நிமிடம். மாதத்தில் ஒரு நாள் வரும் இந்தக் காத்திருப்பை இரவு தூங்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். விளையாட்டின் நடுவே "லேக்" அடிப்பது வேறு சங்கதி. அது தகவல் போய்த் திரும்பும் நேரத்தைப் பொறுத்தது, சிங்கப்பூரில் உள்ள சர்வரின் தூரத்தைப் பெரிய பேக் குறைக்காது.

குறிப்பு: வீடியோ கால் நடக்கும்போது யாராவது போனிலிருந்து ஆயிரம் படங்களை பேக்கப் ஏற்றினால் குரல் வெட்டி வெட்டி வரும். அப்லோடு வழி நிரம்பி, உங்கள் குரல் வரிசையில் நிற்கிறது. ரூட்டரில் "கியூஓஎஸ்" வசதி இருந்தால் அலுவலக லேப்டாப்புக்கு முன்னுரிமை கொடுங்கள். இல்லாவிட்டால் பேக்கப்பை இரவுக்குத் தள்ளுங்கள்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 2020 செப்டம்பரில் அமலுக்கு வந்த ஜியோஃபைபர் விலையில் 30 மெகாபிட் 399 ரூபாய், 100 மெகாபிட் 699, 150 மெகாபிட் 999, ஒரு கிகாபிட் 3,999, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. முதலாவதற்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசம் வரி சேர்க்காமலே ஆண்டுக்கு 43,200 ரூபாய். அடுத்தடுத்த பேக்குகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் ஓடிடி சந்தாவின் விலையும் ஒளிந்திருக்கும், அதைப் பிரித்துப் பாருங்கள். இன்றைய விலைகளை வைத்து உங்கள் கணக்கைப் போடுங்கள்.

படி 5: ஆபரேட்டரிடம் கேட்க வேண்டியவை

கடைக்குப் போயோ போனிலோ இதே வார்த்தைகளில் கேளுங்கள்:

"அண்ணா, வீட்டுக்குள்ள வர்றது ஃபைபரா, லேன் ஒயருங்களா?"

"ராத்திரி ஒம்பது மணிக்கு இதே ஸ்பீடு நிக்குங்களா? இதே தெருவுல உங்க லைன் எந்த வீட்டுல இருக்கு?"

"அப்லோடு எவ்வளவுங்க? எத்தனை ஜிபிக்கு மேல ஸ்பீடு குறையும், குறைஞ்சா எவ்வளவு வரும்?"

"கரண்ட் போனா உங்க பக்கம் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?"

"லைன் கட்டானா ஆள் அன்னிக்கே வருவாங்களா, ஞாயித்துக்கிழமை?"

முதல் கேள்விக்குக் காரணம் உண்டு. ஃபைபர் முறையில் தெருவில் உள்ள பிரிப்பான் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. ஏதோ ஒரு வீட்டு மாடியில் சுவிட்ச் வைத்து, அங்கிருந்து லேன் ஒயர் இழுக்கிற முறையில், அந்த மாடியில் கரண்ட் போனால் உங்கள் நெட்டும் போகும். இடி விழுந்தால் அந்தச் செம்பு ஒயர் வழியே உங்கள் ரூட்டரும் போகும்.

இரண்டாவது கேள்விக்கும் காரணம் உண்டு. பரவலாக உள்ள ஜிபான் வகை ஃபைபரில் சுமார் 2.5 கிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பங்கு போடுவது தப்பில்லை, எல்லோரும் ஒரே நொடியில் முழுதாக இழுப்பதில்லை. ஆனால் அளவுக்கு மீறி வீடுகளைச் சேர்த்துவிட்ட ஆபரேட்டரிடம் எந்தப் பேக்கும் நிற்காது. பக்கத்து வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு டெஸ்ட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், எந்த விளம்பரத்தையும்விட அது நம்பகமானது.

"அன்லிமிடெட்" என்ற சொல்லுக்குப் பின்னால் பல பேக்குகளில் மாதம் 3,300 ஜிபி என்ற வரம்பு இருக்கும். அதற்காகக் கவலை வேண்டாம். 4கே படமே மணிக்குச் சுமார் 7 ஜிபிதான்.

வேகத்தில் 100-க்கும் 200-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட, லைன்மேன் அன்றே வருவதற்கும் நான்கு நாள் கழித்து வருவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், கூப்பிட்டால் வருகிற ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

பாதுகாப்பு: இவற்றை மீறாதீர்கள்

1. ஃபைபர் முனையைக் கண்ணருகே கொண்டுபோய் "வெளிச்சம் வருதா" என்று பார்க்காதீர்கள். அதிலுள்ள லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம், போன் செய்யுங்கள்.

2. ஒடிந்த ஃபைபர் மயிரிழைக் கண்ணாடி. விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். துண்டுகளைச் செல்லோ டேப்பில் ஒட்டி எடுத்துப் போடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

3. மஞ்சள் நிற ஃபைபர் ஒயரைக் கதவு இடுக்கில் நசுக்கவோ, மூலையில் மடக்கவோ கூடாது. வளைவு ஒரு டீ கிளாஸின் வாயைவிடச் சிறியதாக வேண்டாம். முனையை விரலால் துடைக்காதீர்கள். பச்சை முனையை நீல முனைச் செருகியில் போடாதீர்கள், இரண்டின் வெட்டுக் கோணமும் வேறு.

4. தெருவில் ஒயர் அறுந்து தொங்கினால் நீங்கள் ஏணி போட்டு ஏறாதீர்கள். ஃபைபர் கண்ணாடிதான், ஆனால் அதைத் தாங்கும் இரும்புக் கம்பி ஈபி லைன்மேல் உரசிக் கிடக்கலாம். தரையில் கிடந்தாலும் தொடாமல் ஆபரேட்டரையும் மின்வாரியத்தையும் கூப்பிடுங்கள்.

5. சித்திரை, வைகாசியில் ஏற்காட்டு மலைப்பக்கம் இடி உருளத் தொடங்கியதும் பெட்டியின் அடாப்டரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வெளியிலிருந்து லேன் ஒயர் வந்தால் அதையும் கழற்றுங்கள். இடி வந்து தலைக்கு மேல் அடிக்கும்போது அதைக் கையால் தொடாதீர்கள்.

6. கரண்ட் கட்டுக்கு மினி யுபிஎஸ் வாங்கும்போது அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதை அப்படியே படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், ஆம்பியர் 1, 1.5, 2 என மாறும். வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற சின்னப் படமும் ஒத்துப்போக வேண்டும். மாடியில் இரண்டாவது ரூட்டர் வைத்திருந்தால் அதற்கும் ஒன்று வேண்டும்.

படி 6: மாறுவதாக முடிவெடுத்தால்

1. புது லைன் வந்து, இரண்டு வாரமாவது இரவில் சோதித்துப் பார்க்கும் வரை பழையதைத் துண்டிக்காதீர்கள். ஒரு மாத வாடகை இரட்டிப்பாகும், பரவாயில்லை.
2. ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டினால் தள்ளுபடி கிடைக்கும். முதல் மூன்று மாதமாவது மாதாமாதம் கட்டுங்கள். மோசமாக இருந்தால் வெளியேற வழி வேண்டும்.
3. புகாரை வாய்மொழியாக மட்டும் சொல்லாமல், புகார் எண் வாங்கி, படி 2-இல் எழுதிய தாளையும் படம் எடுத்து அனுப்புங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். இந்த இரண்டடுக்கு முறையை வைத்திருக்க வேண்டும் என்பது டிராய் விதி.
4. பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் வரிசை எண் எழுதிய ரசீது வாங்குங்கள். டெபாசிட் திரும்ப வரும்வரை அந்த ரசீது பத்திரமாக இருக்கட்டும்.